ஜெர்மன் படிக்க இணையத்தில் எதை எடுப்பது, எதை விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் கேள்விகள் வரும்; மீதி இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் வரும். கேட்பவர்களில் நர்ஸிங் முடித்தவர்கள் உண்டு, மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு, கணவர் ஜெர்மனியில் வேலையில் இருப்பதால் ஏ1 என்ற முதல்நிலைத் தேர்வு எழுத வந்தவர்கள் உண்டு, “இந்த வருடம் ஜெர்மனும் நீங்களே எடுங்கள்” என்று பள்ளியில் தலையில் கட்டப்பட்ட ஆசிரியர்களும் உண்டு. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன்.

வகுப்புக்கே போகாமல் இணையத்தை வைத்து மட்டும் ஜெர்மன் கற்றுவிட முடியுமா?

கேட்பது, படிப்பது, இலக்கணம், சொற்கள் ஆகிய நான்கையும் கற்றுவிடலாம். பணமே செலவழிக்காமல் பி1 என்ற மூன்றாம் படி வரைக்கும் இவற்றில் தேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துக்குத் திருத்திக்கொடுக்க ஒருவர் வேண்டும். பேச்சுக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆகவே பணம் குறைவாக இருந்தால் இலக்கண வகுப்புக்குக் கட்டாதீர்கள். பேசிப் பழகும் வகுப்புக்குக் கட்டுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆயிரம் தளம் இருக்கிறது. ஒரே ஒன்றைச் சொல்லுங்கள், அதில் தொடங்குகிறேன்.

‘நிகோஸ் வேக்’. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்லெ நடத்தும் இலவசப் பாடம் அது. நிகோ என்ற ஸ்பானிய இளைஞன் ஜெர்மனியில் வந்து இறங்குகிறான், விமான நிலையத்திலேயே பையைத் தொலைக்கிறான்; அங்கிருந்து கதை போகிறது. சின்னச் சின்னக் காணொளிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பயிற்சிகள், இலக்கணக் குறிப்பு, சொற்பட்டியல். ஏ1, ஏ2, பி1 என்று மூன்று நிலைகளுக்கும் கதை நீள்கிறது. ஒவ்வொரு நிலையும் முழுநீளப் படமாக யூடியூபிலும் இருக்கிறது.

இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய இன்னொன்று, ஜெர்மனியின் முதியோர் கல்வி மையங்களின் கூட்டமைப்பு நடத்தும் ‘ஃபௌ-ஹா-எஸ் லெர்ன்போர்ட்டால்’. அதுவும் இலவசம்தான். வேலைக்குத் தேவையான ஜெர்மன் அதில் கூடுதல். இரண்டில் ஒன்றை எடுத்து முடியுங்கள். இரண்டையும் பாதி பாதி செய்பவர்கள் எதையும் முடிப்பதில்லை.

ஏ1, பி2 என்கிறார்களே, அது என்ன கணக்கு? மூன்று மாதத்தில் பி1 முடித்துவிடலாம் என்கிறார்கள், உண்மையா?

ஐரோப்பா முழுவதற்குமான பொது அளவுகோல் அது. ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 என்றால் பெயர், ஊர், விலை, நேரம் கேட்டுச் சொல்லலாம். பி1 என்றால் அன்றாட வாழ்க்கையைத் தட்டுத்தடுமாறியாவது நடத்தலாம். பி2 என்றால் வேலையிடத்தில் வாதாடலாம்.

ஜெர்மன் பாடமும் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்குப்படி ஏ1-க்கு 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை. பி1-ஐ எட்ட, தொடக்கத்திலிருந்து 350 முதல் 650 வரை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பி1-க்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் பதினாறு மாதம். மூன்று மாதத்தில் முடிக்க நாளுக்கு மூன்று முதல் ஐந்தரை மணி நேரம் உட்கார வேண்டும். வேலையை விட்டுவிட்டு உட்காருகிறவர்களுக்கு அது நடக்கும். விளம்பரத்தில் அந்தப் பாதி மட்டும் விடுபட்டுப் போகிறது.

டுயோலிங்கோவில் 200 நாள் விடாமல் படித்திருக்கிறேன். அது போதாதா?

போதாது, ஆனால் வீணும் இல்லை. சொல் பழக்கத்துக்கும், ஒரு நாளும் தொடர்பு விட்டுப்போகாமல் இருப்பதற்கும் நல்லது. அதில் நீங்கள் பெரும்பாலும் கண்முன் இருக்கும் சொற்களைப் பொறுக்கி அடுக்குகிறீர்கள். தேர்விலும் தெருவிலும் வெறுங்கையோடு வாக்கியத்தைக் கட்ட வேண்டும்.

அதில் போடும் நேரத்தில் ஒரு பதினைந்து நிமிடத்தை ஆன்க்கியில் போட்டுப் பாருங்கள். நீங்களே அட்டைகள் எழுதி, மறக்கப்போகும் நேரத்தில் அது உங்களிடம் திரும்பக் கேட்கும் மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் விலை. அட்டையில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். அன்று பார்த்த காணொளியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள்.

எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம். எல்லாப் பாடமும் ஆங்கிலம் வழியாகத்தான் இருக்கிறது. தமிழ் வழியாக ஜெர்மன் படிக்க முடியாதா?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. யூடியூபில் தமிழில் ஜெர்மன் நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிலர் நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் ஏ1 முதல் பி1 வரை ஒழுங்காக ஏறிப்போகும் இலவசப் பாடம் எதையும் தமிழ் வழியில் நான் பார்க்கவில்லை. அதனால் பாடத்தை நிகோவிடம் எடுங்கள், விளக்கத்தை உங்கள் பள்ளித் தமிழ் இலக்கணத்திலிருந்து எடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

‘மீர் இஸ்ட் கல்ட்’ என்கிறது ஜெர்மன். ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. ஆங்கிலம் வழியாக வருகிறவர் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்று யோசித்து ‘இஷ் பின் கல்ட்’ என்கிறார். அது ‘நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்’ என்று போய் முடிகிறது. தமிழ்க்காரருக்கு ‘எனக்குக் குளிர்கிறது’ பிறவியிலேயே இருக்கிறது. ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘உனக்கு உதவுகிறேன்’, ‘இது எனக்குச் சொந்தம்’, ‘உனக்கு நன்றி சொல்கிறேன்’: இவை அத்தனையும் ஜெர்மனில் டாட்டிவ், அதாவது நம் நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நான்குதான். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு அவர்களுக்கும் உண்டு: ‘டூ’, ‘ஸீ’. ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினையைக் கடைசியில் வைத்தே வளர்ந்த நமக்கு அதில் என்ன கஷ்டம்?

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. ‘பேனா வாங்கினேன்’ என்று ‘ஐ’ உருபை விழுங்கிவிட்டுப் பேசுவது நம் வழக்கம். ஜெர்மன் விழுங்காது. பேனா ஆண்பால், எனவே செயப்படுபொருளாக வரும்போது ‘ஒரு’ எனப் பொருள்படும் ‘ஐன்’ கட்டாயம் ‘ஐனன்’ ஆக வேண்டும். என் மாணவர்கள் தாளில் அதிகம் சிவப்பு வாங்குவது இந்த ஒரே இடத்தில்தான். இன்னொன்று, ‘உனக்குப் போன் செய்கிறேன்’. பாடநூல் ஜெர்மனில் அது ‘உன்னை’: ‘இஷ் ரூஃபெ டிஷ் ஆன்’. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: தமிழ் உதவும் வினைச்சொற்கள் ஒரு பக்கம், ஏமாற்றும் வினைச்சொற்கள் மறுபக்கம். இணையத்தில் எங்கும் கிடைக்காத பாடநூல் அது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஓட்டமாகப் படிப்பதற்காக. நோட்டில் நீங்கள் செய்யாதீர்கள். ‘பக்கன்’ என்று எழுதிவைத்தால் அது ரொட்டி சுடுவதா, பெட்டி கட்டுவதா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. ஜெர்மனில் ஒலிப்புடைய ‘ப’வில் தொடங்கினால் ஒன்று, ஒலிப்பில்லாத ‘ப’வில் தொடங்கினால் மற்றொன்று, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ‘இஷ்’ என்று நான் எழுதும் சொல்லின் கடைசி ஒலியும் ‘ஷ்’ அல்ல. ‘இ’ சொல்லும் நிலையில் நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு காற்றை மட்டும் விட்டால் வருமே, அது.

ஆனால் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது: குறிலும் நெடிலும். ‘ஒஃபன்’ என்றால் திறந்திருக்கிறது, ‘ஓஃபன்’ என்றால் அடுப்பு. ‘பெட்’ என்றால் படுக்கை, ‘பேட்’ என்றால் தோட்டப் பாத்தி. ‘ஷ்டட்’ நகரம், ‘ஷ்டாட்’ அரசு. ஒ, ஓ வேறுபாடு காதில் ஊறிய நமக்கு இது ஒரு வார வேலை. மேலே இரு புள்ளி வைத்த ‘உ’வுக்கு (ü) உதட்டை ‘உ’ போலக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லுங்கள். புள்ளி வைத்த ‘ஓ’வுக்கு (ö) அதே குவிப்போடு ‘ஏ’. ஒரு சொல்லைத் தாய்மொழிக்காரர் வாயால் கேட்க ஃபோர்வோ தளம் இருக்கிறது. டூடன் அகராதியிலும் பல சொற்களுக்கு ஒலி உண்டு.

டேர், டீ, டாஸ்: எந்தச் சொல்லுக்கு எது என்று கண்டுபிடிக்க ஏதாவது தளம் உண்டா?

ஆண்பால் சொல்லுக்கு முன்னால் டேர், பெண்பாலுக்கு டீ, இரண்டும் இல்லாத அலிப்பாலுக்கு டாஸ். எதற்கு எது என்று எந்த அகராதியிலும் தேடலாம். ஆனால் அகராதியைப் பையில் வைத்துக்கொண்டு பேச முடியாது. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். இதில் நியாயம் தேடிப் பயனில்லை. திணைக்கு அறிவு பார்த்துப் பழகிய நம் மூளைக்கு, ‘மேட்ஷன்’ அதாவது சிறுமி, அலிப்பால் என்றால் கோபமே வரும். அதற்காவது காரணம் உண்டு: ‘ஷன்’ என்ற சிறுமைப் பின்னொட்டு வந்தால் எதுவானாலும் டாஸ்தான்.

அப்படி நம்பகமான பின்னொட்டுகள் சில: உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என முடிந்தால் டீ. மற்றவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஆன்க்கி அட்டையில் ஆண்பால் சொற்களை நீலத்திலும் பெண்பால் சொற்களைச் சிவப்பிலும் அலிப்பால் சொற்களைப் பச்சையிலும் எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், தேர்வறையில் நிறம் நினைவுக்கு வரும்.

எந்த அகராதி நல்லது? கூகுள் மொழிபெயர்ப்பே போதும்தானே?

ஒரு கடிதம் மொத்தத்தில் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போதும். கற்றுக்கொள்ளப் போதாது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு லியோ, டிக்ட்-சிசி, போன்ஸ் மூன்றும் நல்லவை. ஏ2 தாண்டியதும் ஜெர்மனுக்கு ஜெர்மனே பார்க்கும் அகராதிக்கு மாறிவிடுங்கள்: டூடன், அல்லது பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் டே-வே-டே-எஸ். இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லும் உண்மையான நூல்களிலும் செய்தித்தாள்களிலும் எப்படி வந்திருக்கிறது என்று வாக்கியங்களோடு பார்க்கலாம். கோதே தேர்வுகளுக்கான ஏ1, ஏ2, பி1 சொற்பட்டியல்களும் அங்கேயே இருக்கின்றன.

வினைச்சொல்லைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ‘இஷ் ஷ்டேஹெ உம் ஸெக்ஸ் ஊர் ஔஃப்’ என்ற வாக்கியத்தில் ‘ஷ்டேஹெ’வை மட்டும் தேடினால் ‘நிற்கிறேன்’ என்று வரும். கடைசியில் தனியாக நிற்கும் அந்த ‘ஔஃப்’ஐ முன்னால் கொண்டுவந்து ஒட்டித் தேடினால்தான் ‘எழுந்திருக்கிறேன்’.

புள்ளி வைத்த எழுத்துகள் என் கீபோர்டில் இல்லை. புள்ளி இல்லாமலே அடித்தால் என்ன?

‘ட்ருக்கன்’ என்றால் அச்சிடு. புள்ளி வைத்தால் அமுக்கு, தள்ளு. கடைக் கதவுகளில் எழுதியிருப்பது. ‘ஷோன்’ என்றால் ஏற்கெனவே, புள்ளி வைத்தால் அழகான. ஆகவே புள்ளி அலங்காரம் இல்லை.

கைப்பேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் வந்துவிடும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0228, 0246, 0252 அடித்தால் புள்ளி வைத்த மூன்று சிறிய எழுத்துகளும், 0223 அடித்தால் ‘எஸ்ஸெட்’ எழுத்தும் (ß) வரும். எதுவும் கைகூடாவிட்டால் உயிரெழுத்துக்குப் பின்னால் ஓர் ஆங்கில ‘ஈ’ (e) சேர்த்து எழுதுங்கள். ஜெர்மானியர்களே மின்னஞ்சல் முகவரிகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

‘மெதுவாக வாசிக்கும் செய்திகள்’ கூட எனக்குப் புரியவில்லை. நான் அவ்வளவு மோசமா?

இல்லை. ஏமாற்றுவது அந்தத் தலைப்பு. டாய்ச்செ வெல்லெயின் அந்தச் செய்தியில் வேகம்தான் குறைவு, மொழி குறைக்கப்படவில்லை. ‘நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட’ பாணி நீள வாக்கியங்கள் அப்படியே இருக்கும். பி2 வந்தவர்களுக்கானது அது.

அதற்கு முன்னால் ஏற வேண்டிய படிகள்: ‘டாப்-தேமா’, அதே டாய்ச்செ வெல்லெ, பி1-க்கு. ‘நாஹ்ரிஷ்டன்லைஷ்ட்’, டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி வாரந்தோறும் எளிய மொழியில் தருவது. ஜெர்மனியின் முதன்மைச் செய்தி நிகழ்ச்சியான டாகஸ்ஷௌ 2024 முதல் எளிய மொழியிலும் வருகிறது. எனக்குச் செல்லமானது ‘எலியோடு ஒரு நிகழ்ச்சி’ என்று பொருள்படும் ‘ஸெண்டுங் மிட் டேர் மௌஸ்’. 1971 முதல் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி. பற்பசைக்குள் கோடுகள் எப்படி வருகின்றன என்பது போன்றவற்றைத் தொழிற்சாலைக்கே போய்க் காட்டுவார்கள். கையில் செய்வதை வாயால் சொல்வதால் பாதி கண்ணுக்கே புரிந்துவிடும். தொடக்கத்தில் அன்றைய உள்ளடக்கத்தை ஜெர்மனில் ஒருமுறையும் வேறொரு மொழியில் ஒருமுறையும் சொல்வார்கள்; அது என்ன மொழி என்று கண்டுபிடிப்பதே எங்கள் வகுப்பில் ஒரு பந்தயம்.

தெருவில் பேசும் ஜெர்மன் காதுக்குப் பழக ‘ஈஸி ஜெர்மன்’ யூடியூப் சேனல். வழிப்போக்கர்களை நிறுத்திக் கேள்வி கேட்டு, ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்து ஓட விடுவார்கள். முதல் முறை எழுத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஏ1 தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

ஒரு ரூபாயும் வேண்டாம். கோதே தன் தளத்திலேயே மாதிரித் தாள்களை ஒலிக்கோப்பு, விடைகளோடு இலவசமாக வைத்திருக்கிறது. அதையே அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏ1-இல் கேட்டல் 20 நிமிடம், படித்தல் 25, எழுத்து 20, பேச்சு 15 நிமிட அளவில். நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. எழுத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், பிறகு முப்பது சொல் அளவில் ஒரு சிறு கடிதம்.

பெரும்பாலோர் சறுக்குவது யாரும் பயிற்சி செய்யாத இடத்தில்: பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது. ரேவதி (Revathi) என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எழுத்துக்கு வரும்போது வாய் ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஈ’ என்கிறது. ஜெர்மனில் ‘ஈ’ என்பது வேறு எழுத்து. தேர்வாளர் ‘ரிவதி’ என்று எழுதிக்கொள்கிறார். சொல்ல வேண்டியது: ‘எர், ஏ, ஃபௌ, ஆ, டே, ஹா, ஈ’. பெயரில் ‘ழ’ (zh) இருப்பவர்கள் ‘ட்ஸெட், ஹா’வைத் தனியாக ஒரு நாள் பழகுங்கள். அடுத்து எண்கள். நாற்பத்தைந்து அங்கே ‘ஐந்தும் நாற்பதும்’. கைப்பேசி எண்ணை நாளுக்குப் பத்து முறை சத்தமாகச் சொல்லுங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை.

ஆன்லைன் வகுப்பு முடித்தால் தருகிற சான்றிதழ் விசாவுக்குச் செல்லுமா?

செல்லாது. அது பாடத்தில் கலந்துகொண்டதற்கான தாள். துணைவரோடு சேரும் விசாவுக்கு 2007 முதல் ஏ1 தேவைப்படுகிறது. கோதே, டெல்க், ஓ-எஸ்-டே, டெஸ்ட்டாஃப் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் தேர்வுச் சான்றிதழ்தான் ஏற்கப்படும். ‘எங்கள் ஏ1 சான்றிதழ் தூதரகத்திலும் செல்லும்’ என்று ஒரு பயிற்சி மையம் சொன்னதை நம்பி மூன்று மாதத்தை இழந்த பெண் ஒருவர் என் வகுப்பில் பிறகு சேர்ந்தார். துணைவர் ஐரோப்பிய நீல அட்டையில், அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதியில், இருந்தால் இந்த மொழிச் சான்றே கேட்கப்படுவதில்லை. அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விதிகள் மாறும், தூதரகத்தின் தளத்தில் இருப்பதுதான் இறுதி.

வேலை தேடிப் போவதற்கான ‘ஷான்ஸன்கார்ட்டெ’ 2024 ஜூனில் வந்தது. அதற்குக் குறைந்தபட்சம் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2. நுழைய ஏ1 போதும் என்பதற்காக ஏ1-ஓடு கிளம்பிவிடாதீர்கள்.

நான் நர்ஸ். பி2 கேட்கிறார்கள். எனக்கென்று தனிப் பாடம் உண்டா?

பி1 வரை தனிப் பாடம் தேடாதீர்கள், எல்லோருக்குமானதே உங்களுக்கும். அதன் பிறகு ‘ஐன் டாக் டாய்ச் இன் டேர் ஃப்ளேகெ’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு நாள் வேலையை விளையாட்டாக நடத்துகிறது. முன்பு சொன்ன லெர்ன்போர்ட்டாலில் வேலைக்கான பி2 பாடமும் உண்டு. உரிமத்துக்கு எந்த நிலை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், பெரும்பாலும் பி2. டெல்க் அமைப்பு செவிலியருக்கென்றே பி1-பி2 தேர்வு வைத்திருக்கிறது.

நீங்கள் வார்டில் ‘ஹேண்ட் ஓவர்’ என்று சொல்வதுதான் அங்கே ‘ஊபர்காபெ’. இன்று உங்கள் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஐந்து வாக்கியம் ஜெர்மனில் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தச் சொல் வரவில்லையோ அதுதான் நாளைய பாடம்.

பேசிப் பழக ஆள் இல்லையே?

டாண்டெம் முறை இருக்கிறது: அவருக்கு உங்கள் மொழி, உங்களுக்கு அவர் மொழி, ஆளுக்குப் பாதி நேரம். இதற்கான செயலிகள் பல உண்டு. ஆங்கிலத்துக்கு மாற்று கேட்கும் ஜெர்மானியர்கள் ஏராளம், தமிழுக்குக் கேட்பவர்கள் அரிது, ஆனாலும் இருக்கிறார்கள். பெண்கள் முதல் சில உரையாடல்களுக்குக் குரல் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆள் கிடைக்காத நாளில் நிகோவை ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி, அவன் பேசியதை அதே வேகத்தில் திருப்பிச் சொல்லுங்கள்.

எழுதியதை ஏஐயிடம் கொடுத்துத் திருத்தினால் போதாதா?

திருத்தும், நன்றாகவே திருத்தும். சிக்கல் என்னவென்றால் ஏ2 மாணவர் எழுதியதை சி1 ஆக்கிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்துப் படி எடுப்பவர் கையில் ஒன்றும் தங்காது. ‘பிழைகளை மட்டும் குறித்துக் காட்டு, திருத்தாதே, என் நிலை ஏ2’ என்று சொல்லுங்கள். திருத்தத்தை நீங்களே செய்த பிறகு மறுபடி கொடுங்கள். எழுத்துப்பிழைக்கும் வேற்றுமைப் பிழைக்கும் லாங்குவேஜ்டூல் என்ற பிழைதிருத்தி போதும். இலக்கணக் காரணத்தை மட்டும் ஏஐ சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டூடனில் ஒரு முறை ஒத்துப்பாருங்கள்.

பழைய பாடம் ஒன்று கிடைத்தது. அதில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கிறதே, தவறா?

தவறில்லை, வயதானது. 1996இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, 2006இல் அதிலும் திருத்தம் வந்தது. குறில் உயிருக்குப் பின் வந்த எஸ்ஸெட், இரட்டை ‘எஸ்’ ஆகிவிட்டது. ‘என்று’ எனப் பொருள்படும் ‘டாஸ்’ எஸ்ஸெட்டோடு எழுதப்பட்டிருந்தால் பாடம் பழையது என்று உடனே கண்டுகொள்ளலாம். நம் ‘லை’, ‘னை’ மாற்றத்தைப் பார்த்த கண்களுக்கு இது புதிதல்ல. கேட்டுப் பழக மட்டும் என்றால் பழையதும் பொன்தான்: ‘டாய்ச் - வரும் நிஷ்ட்?’ என்ற பழைய வானொலிப் பாடத்தை இன்றும் பலருக்குச் சிபாரிசு செய்கிறேன். எழுதும்போது மட்டும் புதிய முறை.

பள்ளியில் என்னை ஜெர்மன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பாடப்பொருள் எங்கே கிடைக்கும்?

கையிலிருக்கும் பாடநூலின் பதிப்பகத் தளத்தில் தொடங்குங்கள். ஹூபர், க்லெட் இரண்டும் ஒலிக்கோப்புகளையும் பயிற்சித்தாள்கள் பலவற்றையும் இலவசமாகத் தருகின்றன. லைப்ஸிக் நகரத்து ஷூபர்ட் பதிப்பகத்தின் இணையப் பயிற்சிகள் ஏ1 முதல் நிலைவாரியாக இருக்கின்றன; வீட்டுப்பாடத்துக்கு அதைவிட வசதி இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ‘டாய்ச் இம் ப்ளிக்’ என்ற முழுப் பாடநூலையும், தேவதைக் கதை மாந்தர்களை வைத்தே இலக்கணம் நடத்தும் ‘கிரிம் கிராமர்’ தளத்தையும் திறந்த உரிமையில் தந்திருக்கிறது. ‘லெர்னிங்ஆப்ஸ்’ தளத்தில் பொருத்துக, வரிசைப்படுத்துக போன்ற விளையாட்டுகளை நீங்களே பத்து நிமிடத்தில் செய்யலாம், மற்ற ஆசிரியர்கள் செய்தவற்றையும் எடுத்தாளலாம். ஆசிரியர் பயிற்சிக்கு கோதேயின் ‘டாய்ச் லேரன் லெர்னன்’ தொடர் உண்டு.

வளம் எவ்வளவு குறைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்ல வகுப்பு. நான் நிகோ காணொளி ஒன்றை இரண்டு நிமிடம் ஒலியில்லாமல் ஓட்டுவேன். “அவன் என்ன சொல்லியிருப்பான்?” பலகையில் ஏழெட்டு வாக்கியம் சேரும், பாதி தப்பாக. பிறகு ஒலியோடு ஓட்டினால், தன் ஊகம் சரியா என்று பார்க்கக் கடைசி பெஞ்சும் காதைத் தீட்டிக்கொள்ளும். நாற்பது நிமிடம் அதிலேயே போய்விடும்.

டெலிகிராமில் எல்லாப் பாடநூலும் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. மாணவர்களுக்கு அனுப்பலாமா?

கூடாது. முந்தைய பதிலில் சொன்ன இலவசப் பொருள்களே ஒரு வருடத்துக்கு மேல் வரும், திருட்டுப் பிரதி தேவையே இல்லை. கதை, கவிதை வேண்டுமானால் உரிமைக்காலம் முடிந்தவற்றை எடுங்கள். ஜெர்மனியில் எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. காஃப்கா 1924இல் இறந்தார், அவர் எழுத்து இரண்டு இடத்திலும் பொதுச்சொத்து. பிரெஹ்ட் 1956இல் இறந்தார். இந்தியாவில் 2017 முதல் பொதுச்சொத்து, ஜெர்மனியில் 2026 முடியும் வரை இல்லை. அண்மைக்கால நூல்களைப் படிக்க கோதேயின் ‘ஓன்லைஹெ’ மின்நூலகத்தில் பதிந்தால் இரவல் கிடைக்கும்.

பி1 முடித்துவிட்டேன். சுவிஸில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன், கடையில் ஒரு சொல் புரியவில்லை. நான் படித்தது ஜெர்மன்தானா?

ஜெர்மன்தான். ஜெர்மன் பேசும் சுவிஸில் எழுதுவது பொது ஜெர்மன், வாயில் வருவது வட்டார வழக்கு. எழுத்துத் தமிழ் மட்டும் படித்த வெளிநாட்டுக்காரர் கோயம்பேடு சந்தையில் நின்றால் எப்படியோ அப்படி. சூரிச்சில் பிறந்து வளர்ந்த உங்கள் சித்தி பிள்ளைகள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், தெருவில் சுவிஸ் ஜெர்மன், பள்ளிப் பலகையில் பொது ஜெர்மன் என்று மூன்றை ஓட்டுகிறார்கள். நீங்கள் பொது ஜெர்மனில் பேசினால் அவர்கள் அதற்கு மாறிக்கொள்வார்கள், கேளுங்கள், தப்பில்லை. சுவிஸ்காரர்கள் எஸ்ஸெட் எழுத்தையே பயன்படுத்துவதில்லை. சைக்கிளுக்கு ‘ஃபேலோ’ என்பார்கள். ஆஸ்திரியாவில் ஜனவரி ‘யென்னர்’. இவற்றுக்கெல்லாம் டூடனில் நாட்டின் பெயர்க் குறிப்பு இருக்கும்.

மேலே ‘உனக்குப் போன் செய்கிறேன்’ தமிழ்க்காரர் செய்யும் பிழை என்று சொன்னேன் அல்லவா? சுவிஸில் ‘உனக்கு’ என்றுதான் போன் செய்கிறார்கள். டூடனும் அதை சுவிஸ் வழக்கு என்று குறித்து ஏற்றுக்கொள்கிறது. சென்னையில் தேர்வு எழுதும்போது மட்டும் ‘உன்னை’ என்றே எழுதுங்கள்.